ரெண்டு சாமி வீட்டுக்கு அக்கா சொல்ற டிப்ஸ்

ஆலந்தலைக்கும் திருச்செந்தூருக்கும் நடுவுல என்ன பெரிய தூரம்? பஸ்ல டிக்கெட் வாங்கி மீதிச் சில்லறை எண்ணுறதுக்குள்ள இறங்கிடலாம். இந்தப் பக்கம் திரு இருதயங்களின் திருத்தலம், அந்தப் பக்கம் செந்திலாண்டவர். கொஞ்சம் வடக்கே காயல்பட்டினம், தெருவுக்குத் தெரு பள்ளிவாசல். உள்ளே போனா நாசரேத், மெஞ்ஞானபுரம்னு சி.எஸ்.ஐ. ஊருங்க. எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பஸ்ல ஏறி, ஒரே காலேஜ்ல படிச்சு, ஒரே ஜவுளிக்கடையில வேலை பார்க்குதுங்க. காதல் வராம என்ன செய்யும்?

காதல் வந்தாச்சு, கல்யாணமும் ஆச்சு, இல்ல ஆகப்போகுது. இப்ப வீட்டுல தினம் ஒரு சண்டை. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறதா, மாமியார் வீட்டுக்குப் போறதா? பொட்டு வைக்கிறதா, வேண்டாமா? பிள்ளைக்கு திருச்செந்தூர்ல முடி இறக்குறதா, ஞானஸ்நானம் கொடுக்கிறதா? இப்படி வந்து நின்ன ஜோடி எத்தனையோ பார்த்தாச்சு. உனக்கு அடுப்புல குழம்பு கொதிக்குது, தம்பிக்கு வலை பிரிச்சுப் போடணும், நேரம் இல்லைன்னு தெரியும். அதனால சுத்தி வளைக்காம சொல்றேன். பாதி திட்டாத்தான் இருக்கும். பொறுத்துக்கோ.

1. முதல்ல பேப்பரைச் சரி பண்ணு. மனசை அப்புறம் பார்க்கலாம்.

கவுன்சலிங் டிப்ஸ்னு சொல்லிட்டு அக்கா சட்டம் பேசுறாளேன்னு முகம் சுளிக்காதே. பாதிச் சண்டைக்கு அடியில "நம்ம கல்யாணம் செல்லுமா"ங்கிற பயம்தான் கிடக்கு.

ஒருத்தர் இந்து, ஒருத்தர் கிறிஸ்தவர்னா, கோயில்ல தாலி கட்டி, மாலை மாத்தி, போட்டோ எடுத்தா மட்டும் போதாது. 1955 இந்து திருமணச் சட்டத்துக்கு ரெண்டு பேரும் இந்துவா இருக்கணும். கிறிஸ்தவ மாப்பிள்ளை இந்துப் பொண்ணை அந்தச் சட்டத்துல கட்டினது செல்லாதுன்னு உச்ச நீதிமன்றமே 2008 டிசம்பர்ல சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல திருத்தம் வந்துச்சே, அதுவும் ரெண்டு இந்துக்களுக்குத்தான்.

உனக்கு வழி ரெண்டு:

- சர்ச்சுல கல்யாணம். 1872 இந்திய கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி ஒருத்தர் மட்டும் கிறிஸ்தவரா இருந்தாலும் நடத்தலாம். மத்தவர் மதம் மாறணும்னு சட்டம் கேக்கல.
- ரிஜிஸ்தர் ஆபீஸ். 1954 சிறப்புத் திருமணச் சட்டம். யாரும் எதுவும் மாத்த வேண்டாம். இந்து-முஸ்லிம் ஜோடிக்கும் இதுதான் நேர் வழி. முதல்ல நோட்டீஸ் கொடுக்கணும். உங்கள்ல ஒருத்தராவது அந்த மாவட்டத்துல 30 நாள் இருந்திருக்கணும். நோட்டீஸை ஆபீஸ்ல ஒட்டுவாங்க. 30 நாள் காத்திருந்து, மூணு சாட்சியோட போய்க் கையெழுத்துப் போடணும். நோட்டீஸ் கொடுத்து மூணு மாசத்துக்குள்ள முடிக்கலைன்னா மறுபடி முதல்ல இருந்து.

ஏற்கெனவே கோயில்ல கட்டிக்கிட்டவங்க பயந்து அழாதீங்க. ரெண்டு பேருக்கும் 21 வயசு முடிஞ்சிருந்தா, அதே சட்டத்துல பழைய கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கலாம். அதுக்கும் 30 நாள் நோட்டீஸ் உண்டு. இன்னைக்கே போ. பிள்ளை பிறந்து, ஸ்கூல்ல சேர்க்கும்போது ஓடாதே.

சொத்து விஷயம் ஒண்ணு. இந்து ஒருத்தர் வேற மதத்துக்காரரைச் சிறப்புச் சட்டத்துல கட்டினா, கூட்டுக் குடும்பத்துல இருந்து பிரிஞ்சவரா சட்டம் கணக்கு வைக்கும். வாரிசுரிமைக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் வரும். சொந்தக்காரங்க இதை வச்சு "உனக்கு எதுவும் கிடையாது"ன்னு மிரட்டுவாங்க. அவங்க பேச்சைக் கேட்டு ராத்திரி முழுக்க அழாம, ஒரு வக்கீல்கிட்ட அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுக்கோ.

2. சாமியார்கிட்ட பயந்து போகாதே. தெரிஞ்சுக்கிட்டுப் போ.

கத்தோலிக்கப் பக்கம் ஞானஸ்நானம் வாங்காத ஒருத்தரைக் கட்டணும்னா ஆயர் இல்லத்துல இருந்து விலக்கு வாங்கணும். அது இல்லாம நடந்தா திருச்சபை அதைக் கல்யாணமா ஏத்துக்காது. சி.எஸ்.ஐ. மாப்பிள்ளைன்னா விலக்குக்குப் பதிலா அனுமதி. ரெண்டும் பங்குத்தந்தை வழியா எழுதிப் போகணும். பங்குக் கோயில்ல ஓலை வாசிக்கிறது, கல்யாணத் தயாரிப்பு வகுப்பு எல்லாம் இருக்கு, அதனால தேதி குறிச்சு மண்டபம் புக் பண்ணிட்டு அப்புறம் போய் நிக்காதே. மாசக்கணக்குல முன்னாடி போ.

இங்கதான் பெரிய புரளி. "இந்து மாப்பிள்ளை பிள்ளையை கிறிஸ்தவ வேதத்துல வளர்ப்பேன்னு கையெழுத்துப் போடணுமாம்"னு ஊர்ல பேசுவாங்க. அது பழைய சட்டம். 1970-ல ஆறாம் பவுல் போப் மாத்திட்டாரு, 1983 திருச்சபைச் சட்டத்துலயும் அப்படியே இருக்கு. வாக்கு கொடுக்கிறது கத்தோலிக்கர் மட்டும்: தன் விசுவாசத்தைக் காப்பாத்துவேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்னால முடிஞ்சதைச் செய்வேன்னு. அந்த வாக்கு மத்தவருக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

இதைப் படிச்சதும் உனக்கு ஒண்ணு புரிஞ்சிருக்கணும். உன் புருஷன் அந்த வாக்கைக் கொடுத்திருக்கான்னா, பிள்ளை பிறந்தப்புறம் "நீ சொல்லவே இல்லையே"ன்னு நீ கேக்க முடியாது. உன்னால முடியாதுன்னா இப்பவே சொல்லு. கையெழுத்துப் போடுற அன்னைக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு, அஞ்சு வருஷம் கழிச்சு வெடிக்காதே.

இன்னொண்ணு: காலைல கோயில்ல முகூர்த்தம், சாயங்காலம் சர்ச்சுல கல்யாணம்னு ரெண்டு தரம் சம்மதம் சொல்ற ஏற்பாட்டைத் திருச்சபைச் சட்டம் ஒத்துக்காது. மத்தப் பக்கத்து வீட்டுக்கு விருந்து, வரவேற்பு, பெரியவங்க ஆசீர்வாதம்னு வை. ரெண்டாவது தாலி வேண்டாம்.

3. கல்யாணச் சௌகரியத்துக்காக மதம் மாறாதே.

மனசு மாறினா மாறு, அது உன் இஷ்டம். மாமியார் வாயை அடைக்க மாறினா, மாமியார் வாய் அடையாது. உனக்குள்ள ஒரு கோபம்தான் தங்கும். பட்டியல் சாதிச் சான்றிதழ் வச்சிருந்தா இன்னும் கவனம். 1950 ஆணைப்படி அது இந்து, சீக்கியர், பௌத்தருக்குத்தான். ஞானஸ்நானம் வாங்கி சர்ச்சுக்குப் போய்க்கிட்டு, வேலைக்கு மட்டும் இந்துன்னு கேட்ட புதுச்சேரிப் பெண்ணோட வழக்கை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர்ல தள்ளிடுச்சு.

4. சண்டை சாமிக்காக இல்லடி. யார் பக்கம் நிக்கிறான்னுதான்.

இதுதான் நான் சொல்ல வந்ததே. மத்ததெல்லாம் அவசரமா படிச்சாலும் இதை நிதானமாப் படி.

கனடாவுல சூ ஜான்சன், லெஸ்லி கிரீன்பர்க்னு ரெண்டு பேர் 1980-கள்ல ஒரு சிகிச்சை முறை கொண்டு வந்தாங்க. உணர்ச்சியை மையமா வச்சது. அவங்க சொல்றது சாதாரண விஷயம். புருஷன் பொண்டாட்டி சண்டையில ஒருத்தர் துரத்துவாங்க, ஒருத்தர் ஒதுங்குவாங்க. துரத்துறவர் கத்தக் கத்த, ஒதுங்குறவர் இன்னும் ஒதுங்குவார். அவர் ஒதுங்க ஒதுங்க இவர் இன்னும் கத்துவார். எதைப் பத்திச் சண்டைங்கிறது மாறிக்கிட்டே இருக்கும். இந்தச் சுத்து மட்டும் மாறாது.

நம்ம ஊர்ல இது எப்படி இருக்கும்னு சொல்றேன். பொண்ணு ஆலந்தலை, மாப்பிள்ளை திருச்செந்தூர்னு வச்சுக்கோ. வெள்ளிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போறாங்க. அத்தை குங்குமச் சிமிழை நீட்டுறாங்க. பொண்ணு தயங்குறா. மாப்பிள்ளை ஒண்ணும் பேசாம செல்போனை நோண்டுறான். வீட்டுக்கு வந்ததும் அவ, "உங்க அம்மாவுக்கு என்னை மதம் மாத்தணும், அதான்"னு ஆரம்பிக்கிறா. அவன், "ஒரு பொட்டுல என்ன வந்துச்சு"ங்கிறான். அவ அழுறா. அவன் சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போயிடுறான்.

பொட்டா பிரச்சினை? அவளுக்கு வேண்டியிருந்தது ஒண்ணுதான்: அந்த நிமிஷம் அவன் தலையைத் தூக்கி, "அம்மா, அவளுக்கு எப்படி வசதியோ அப்படி இருக்கட்டும்"னு ஒரு வாக்கியம் சொல்லியிருக்கணும். அவனுக்குள்ள ஓடினது வேற: அம்மாவை எதிர்த்தா அம்மா போயிடுவாங்க, இவளை எதிர்த்தா இவ போயிடுவா. அதனால செல்போன். ரெண்டு பேருக்கும் பயம். ஒருத்தர் பயம் கத்தலா வருது, ஒருத்தர் பயம் மௌனமா வருது.

நல்ல ஆலோசகர் செய்ற வேலை இதை வெளிய எடுக்கிறதுதான். "உங்க அம்மாவுக்கு மதவெறி"ங்கிறதுக்குப் பதிலா "அந்த இடத்துல நான் தனியா நின்னேன்"னு அவளைச் சொல்ல வைப்பாங்க. "ஒரு பொட்டுதானே"ங்கிறதுக்குப் பதிலா "எனக்கு என்ன பேசுறதுன்னு தெரியல, பயமா இருந்துச்சு"ன்னு அவனைச் சொல்ல வைப்பாங்க. கேக்க லேசா இருக்கா? சொல்லிப் பாரு. தொண்டை அடைக்கும்.

வீட்டுலயே பண்ண ஒரு குறுக்கு வழி: அத்தை வீட்டுக்கோ மாமி வீட்டுக்கோ கிளம்புறதுக்கு முன்னாடி, வாசல்ல செருப்பு மாட்டும்போது ஒரே ஒரு கேள்வி. "இன்னைக்கு அங்க என்ன வரும், வந்தா யார் பேசுறது?" அவங்க அவங்க வீட்டுல அவங்க அவங்களே பேசணும். இது மாத்தக் கூடாத சட்டம். மருமக வாயால மாமியாருக்கு மறுப்பு போகவே கூடாது. மருமகன் வாயால மாமனாருக்கும் அப்படியே.

5. தீராத சண்டையைத் தீர்க்கப் பார்க்காதே.

அமெரிக்காவுல ஜான் காட்மன்னு ஒருத்தர், தம்பதிகளை உட்கார வச்சுப் பேசச் சொல்லி, வீடியோ எடுத்து, இதயத் துடிப்பெல்லாம் அளந்து பார்த்தவர். அவர் கணக்குல தம்பதிகளோட சண்டைகள்ல 69 சதவீதம் தீரவே தீராத வகை. குணம், வளர்ப்பு, நம்பிக்கைல இருந்து வர்றது. ஒரே மதம், ஒரே சாதி, அத்தை மகன் மாமன் மகள்னு கட்டினவங்களுக்கும் தீராத சண்டை உண்டு. அதனால "மதம் வேறயா இருக்கறதாலதான் நமக்கு இப்படி"ன்னு புலம்புறதை நிறுத்து. உங்க அம்மாவும் அப்பாவும் ஒரே கோயில்லதான் முழங்கால் போட்டாங்க. சண்டை போடலையா?

அவருக்கு மாதா பக்தி, உனக்கு முருக பக்தி. இது மாறாது. இதை எப்படி ஒருத்தரை ஒருத்தர் குத்தாம பேசுறதுன்னு மட்டும் கத்துக்கோ.

- ஆரம்பிக்கும்போதே கத்தாதே. "நீ எப்பவும் உங்க ஆளுங்க பக்கம்தான்"னு தொடங்கினா அந்தப் பேச்சு உருப்படாது. "ஞாயித்துக்கிழமை நான் தனியாப் பூசைக்குப் போறது கஷ்டமா இருக்கு, மாசத்துல ஒரு தரம் வர்றீங்களா?"ன்னு கேளு. கூட வந்து உட்கார்ந்தா போதும், முழங்கால் போட வேண்டாம்.
- படபடப்பு வந்தா நிறுத்து. காது சூடாகி, நெஞ்சு அடிச்சுக்கிச்சுன்னா அதுக்கு மேல மூளை எதையும் கேட்காது. குறைஞ்சது 20 நிமிஷம் பிரிஞ்சு இரு. ஆனா "இத்தனை மணிக்கு வந்து பேசுவேன்"னு சொல்லிட்டுப் போ. சொல்லாமப் போனா அதுக்குப் பேர் ஓடுறது.
- நேரம் பார்த்துப் பேசு. கடலுக்குப் போய்ட்டு வந்து உப்புத் தண்ணி காயாத மனுஷன்கிட்ட ஞானஸ்நானம் பேசாதே. நம்ம கரையில ஞாயித்துக்கிழமை யாரும் கடலுக்குப் போறதில்லை. அந்தச் சாயங்காலத்துல அரை மணி நேரம் எடுத்துக்கோ. விசைப்படகுல போறவங்களுக்கு ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் தடைக்காலம் வருது. கையில காசு இருக்காது, மனசு சுருங்கி இருக்கும், ஆனா ஆள் வீட்டுல இருப்பார். பெரிய முடிவு எடுக்கணும்னா தடைக்காலத்தோட முதல் வாரத்துல எடு. கடைசி வாரத்துல எடுத்தா சண்டை கடன்ல போய் முடியும்.

6. இந்த வார்த்தைகள் வாயில வரவே கூடாது.

காட்மன் நாலு விஷத்தைச் சொல்வார்: ஆளையே குறை சொல்றது, இளக்காரம், எதைச் சொன்னாலும் தன்னை நியாயப்படுத்துறது, வாயைப் பூட்டிக்கிறது. இதுல இளக்காரம்தான் கல்யாணத்தை முறிக்கிறதுல முதல். கலப்பு மத வீட்டுல இளக்காரத்துக்குத் தீனி எக்கச்சக்கமாக் கிடைக்கும்.

- "ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி உங்க தாத்தாவும் எங்க சாமியைத்தான் கும்பிட்டார்." 1530-கள்ல பரதவர் போர்த்துகீசியர் பாதுகாப்பைத் தேடி மதம் மாறினதும், 1542-ல சவேரியார் வந்ததும் எல்லாருக்கும் தெரிஞ்ச சரித்திரம். அதைப் புத்தகத்துல படி. பொண்டாட்டி முன்னாடி ஆயுதமா எடுக்காதே.
- "கல்லைக் கும்பிடுற கூட்டம்."
- "உங்க சாமியார் சொன்னாத்தான் மூச்சு விடுவியா?"
- "மாப்பிள்ளை பிடிக்க வேதக்காரியா இருந்தவ, இப்ப என்ன புதுசா பக்தி?"

விளையாட்டுக்குக்கூட வேண்டாம். மைனியும் கொழுந்தனும் பக்கத்துல இருந்தா இன்னும் வேண்டாம். ஒருத்தர் சிரிச்சா போதும், உன் வீட்டுக்காரர் அதைப் பத்து வருஷம் மறக்க மாட்டார்.

7. ஜனவரியில ரெண்டு காலண்டரையும் பக்கத்துல வை.

இது நான் கண்டிப்பாச் சொல்ற விஷயம். முருகன் படம் போட்ட நாள்காட்டி ஒண்ணு, பங்குக் கோயில் காலண்டர் ஒண்ணு. ரெண்டு நிறப் பேனா. மோதுற தேதிகளை வட்டம் போடு.

2024-ல ஆடி அமாவாசை ஆகஸ்ட் 4. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கணும். மறுநாள் 5-ஆம் தேதி தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா, பொண்ணு வீட்டுல மொத்தக் குடும்பமும் கிளம்பும். அதே வருஷம் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்னைக்கேதான் திருச்செந்தூர்ல கந்தசஷ்டி தொடங்குச்சு, 7-ஆம் தேதி சூரசம்ஹாரம். ஒருத்தர் அப்பா கல்லறைக்கு மெழுகுவத்தி, மாலை வாங்கணும். இன்னொருத்தர் ஆறு நாள் விரதம் தொடங்கணும். முன்கூட்டியே தெரிஞ்சா இது ஒரு ஏற்பாடு. அன்னைக்குக் காலைல தெரிஞ்சா யுத்தம்.

மாசியில இன்னொரு மோதல். தவக்காலமும் திருச்செந்தூர் மாசித் திருவிழாவும் பெரும்பாலும் ஒட்டி வரும். குலசை தசராவுக்கு மாலை போட்டு வேஷம் கட்டுற வீடுன்னா புரட்டாசியையும் சேர்த்துக்கோ.

சமையல்ல என்ன செய்றது? பாத்திரத்தைப் பிரிக்காதே, நாளைப் பிரி. தவக்கால வெள்ளிக்கிழமை கத்தோலிக்கருக்குக் கறி கிடையாது. முருக பக்தருக்கும் வெள்ளி, செவ்வாய் கவிச்சி கிடையாது. பாத்தியா, தவக்கால வெள்ளிக்கிழமைல கறிக்குச் சண்டையே இல்லை! செவ்வாய்க்கிழமை மீன் யாருக்கு வேணுமோ அவங்க மதியமே சாப்பிட்டு முடிக்கட்டும். சஷ்டி ஆறு நாளும் வீட்டுல மீன் கழுவுறதை விட்டுடு. ஆறு நாள் கருவாட்டு வாசம் இல்லாம இருந்தா ஆலந்தலைக்காரங்க செத்துற மாட்டாங்க.

8. பிள்ளை விஷயத்தைப் பிள்ளை வயித்துல இருக்கும்போதே பேசு.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனதும் ரெண்டு பக்கமும் ஆள் சேர்ந்துடும். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் முடிவெடுக்கிறதா நினைச்சுக்கிட்டு இருப்பீங்க, முடிவு வேற இடத்துல ஆகிட்டு இருக்கும். அஞ்சாவது மாசத்துக்குள்ள பேசி ஒரு தாள்ல எழுதி வை: பேரு, ஞானஸ்நானம், முடி இறக்குறது, காது குத்து, ஸ்கூல்ல மதம்னு இருக்கிற கட்டத்துல என்ன எழுதுறது.

நம்ம கரையில பல சடங்கு ரெண்டு பக்கமும் பொதுதான். உவரி அந்தோணியார் கோயில்லயும் மொட்டை போடுறாங்க, வேளாங்கண்ணியிலயும் போடுறாங்க. கொடியேத்தம், சப்பரம், தேர் எல்லாம் இங்கயும் உண்டு, அங்கயும் உண்டு. காது குத்துக்கு மதமே கிடையாது, தாய்மாமன் மடி இருந்தா போதும். இந்தப் பொதுவானதை முதல்ல முடி. கைகோத்துச் செய்ற பழக்கம் வந்துடும். ஞானஸ்நானம் மாதிரி ஒத்தை முடிவு கேக்கிற விஷயம் அதுக்கப்புறம்.

"பெரியவனானதும் அவனே முடிவு பண்ணட்டும்"னு சொல்லித் தப்பிக்கிற ஜோடிங்க உண்டு. சொல்றதுக்கு நல்லா இருக்கும். ஆனா அதுவரை பிள்ளைக்கு ரெண்டையும் சொல்லிக் கொடுக்கணும். எதையும் சொல்லிக் கொடுக்காம விட்டுட்டு அதுக்குச் சுதந்திரம்னு பேர் வைக்காதே. பிள்ளையை வேவு பார்க்க வைக்காதே, முக்கியமா. "ஆச்சி வீட்டுல திருநீறு பூசினாங்களா?"ன்னு ஒரு குழந்தையைக் கேக்கிறது பாவம்.

9. மூணாவது ஆளைக் கூப்பிடும்போது யோசி.

மர்ரே போவன்னு ஒரு குடும்ப மனநல மருத்துவர் சொன்னது: ரெண்டு பேருக்குள்ள பாரம் தாங்கலைன்னா, ஒரு மூணாவது ஆளை இழுத்து முக்கோணம் போட்டுக்குவாங்க. பாரம் குறைஞ்ச மாதிரி இருக்கும், பிரச்சினை அப்படியே கிடக்கும். நம்ம ஊர் முக்கோணத்துல மூணாவது மூலையில நிக்கிறவங்க: அம்மா, மூத்த மைனி, உபதேசியார், ஜோசியர், வாட்ஸ்அப் குரூப். ஊர்க் கமிட்டிக்கு எடுத்துட்டுப் போனா ராத்திரிக்குள்ள வீரபாண்டியன்பட்டினம் வரை செய்தி போயிடும். அடுத்த நாள் நீங்க சமாதானம் ஆனாலும் ஊர் ஆகாது.

போவன் வழியில வந்தவங்க ஒரு குடும்ப வரைபடம் போடச் சொல்வாங்க. பழைய காலண்டர் தாளைத் திருப்பி, மூணு தலைமுறையை வரை. யார் யாரைக் கட்டினாங்க, யார் யாரோட பேசுறதில்லை, யார் வேதத்துக்குப் போனாங்க, யார் திரும்பி வந்தாங்கன்னு எழுது. நாடார் வீடுகள்ல பெரும்பாலும் ஒரு சித்தப்பா குடும்பம் வேதத்துல, ஒரு பெரியப்பா குடும்பம் இந்துவுல இருக்கும். கல்யாணம், காட்சி எல்லாத்துக்கும் போக வர இருப்பாங்க. "நம்ம குடும்பத்துல இப்படி நடந்ததே இல்லை"ன்னு கத்துற மாமாவோட பேருக்கு மேலயே ஒரு மரியதங்கம் ஆச்சி வந்து நிப்பாங்க. அந்தத் தாளைக் கொண்டு போய் மாமா மூஞ்சியில காட்டாதே. நீங்க ரெண்டு பேரும் பார்த்தா போதும்.

10. அடி விழுந்தா இந்த டிப்ஸ் எதுவும் செல்லாது.

கை ஓங்குற வீட்டுல தம்பதியைச் சேர்த்து உட்கார வச்சுப் பேசுறது ஆபத்து. அங்க உண்மை சொன்னா வீட்டுக்குப் போனதும் அடி விழும். 181-க்குப் போன் பண்ணு. 2005 குடும்ப வன்முறைச் சட்டம் உனக்காகத்தான் இருக்கு, மதம் எதுவானாலும். பெத்தவங்க பக்கத்துல இருந்து மிரட்டல் வந்தா, வயசு வந்த ரெண்டு பேர் இஷ்டப்பட்டுக் கட்டிக்கிறதுல கட்டப் பஞ்சாயத்துக்கு இடமில்லைன்னு 2018 மார்ச்சுல உச்ச நீதிமன்றம் சொல்லி, போலீஸ் பாதுகாப்புக்கும் உத்தரவு போட்டிருக்கு. எஸ்.பி. ஆபீஸ்ல மனு கொடு. வெட்கப்படாதே.

11. ஆலோசகர்கிட்ட போகும்போது.

"பைத்தியமா நாங்க?"ன்னு கேக்காதே. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு, காசு வேண்டாம். நேர்ல போகக் கூச்சமா இருந்தா 14416, டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம், ராத்திரி பகல் எப்பவும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில குடும்பங்களுக்குன்னே தனிப் பிரிவு வச்சிருக்காங்க. பங்குத்தந்தைகிட்ட போகலாம், தப்பில்லை. ஆனா அவர் ஒரு பக்கத்து ஆள்னு மத்தவருக்குத் தோணும்னா அது எடுபடாது. கோர்ட்டுக்குப் போயாச்சுன்னாகூட, 1984 குடும்ப நீதிமன்றச் சட்டப்படி நீதிபதி முதல்ல சமாதானத்துக்குத்தான் முயற்சி பண்ணணும்.

போய் உட்கார்ந்ததும் இதைக் கவனி:

- "படிப்பு என்ன, பதிவு எண் என்ன?"ன்னு கேளு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா இந்திய மறுவாழ்வுக் குழுமத்துல பதிவு இருக்கும். கேட்டா கோவிச்சுக்கிற ஆள் வேண்டாம்.
- எந்தச் சாமி பெரிசுன்னு அவர் பேச ஆரம்பிச்சா எழுந்து வா. "ரெண்டு பேரும் ஒரே மதத்துக்கு மாறிடுங்களேன், எல்லாம் சரியாகிடும்"னு சொன்னாலும் எழுந்து வா.
- எதுலயும் நம்பிக்கை இல்லாத ஆலோசகர் "இதெல்லாம் மூடநம்பிக்கை"ன்னு சிரிச்சாலும் அதே கதைதான்.
- அவர் ரெண்டு பேரையும் ஒரே அளவு பேச விடுறாரான்னு பாரு. அவர் மேல உனக்கு மட்டும் பிடிப்பு வந்தா போதாது, உன் வீட்டுக்காரருக்கும் வரணும்.
- முதல் தடவையே தீர்ப்பு எதிர்பார்க்காதே. சில வாரம் ஆகும். மூணாவது தடவை போறதுக்கு முன்னாடி சண்டை கொஞ்சம் கூடின மாதிரிகூட இருக்கும், மூடி வச்சது வெளிய வருதுல்ல. அதைப் பார்த்து நிறுத்திடாதே.
- போற பஸ்ல ஒத்திகை பார்க்காதே. "நீ இதைச் சொல்லு, அதைச் சொல்லாதே"ன்னு புருஷனுக்குப் பாடம் எடுக்காதே.
- முதல் நாள் அம்மாவையோ அத்தையையோ கூடக் கூட்டிட்டுப் போகாதே. "வாசல்லயே உட்கார்ந்திருக்கேன்"னு சொல்வாங்க. வேண்டாம்னு சொல்லு. யார் அம்மாவோ, அவங்களே சொல்லணும்.